மூளை கிடைக்கும், சுவிட்ச் கிடைக்காது

கம்ப்யூட்டர் என்றால் இன்றைக்குத் திரையும் கீபோர்டும்தான் ஞாபகத்துக்கு வரும். திரையையே விரலால் தடவிப் பழகிவிட்ட தலைமுறைக்குக் கீபோர்டுகூடப் பழசு. ஆனால் 1960-களிலும் 70-களிலும் வந்த பல சிறிய கம்ப்யூட்டர்களின் முகம் வேறு மாதிரி இருந்தது. முன்பக்கத் தகட்டில் வரிசையாகச் சுவிட்சுகள். அவற்றுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். சுவிட்சை மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் பூஜ்யம். இயந்திரத்தோடு மனிதன் நேரடியாகப் பேசியது இந்த இரண்டு சொற்களில்தான்.

அந்த இயந்திரங்களைத் தேடிப்பிடித்து மறுபடி ஓட வைக்கிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். மியூசியங்கள் செய்கின்றன. ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள் செய்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் பிறந்தே இராத இளைஞர்களும் செய்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். சிப் கிடைக்கிறது. டிரான்சிஸ்டர் கிடைக்கிறது. கெப்பாசிட்டர் புதிதாகவே கிடைக்கிறது. முன் தகட்டில் உடைந்துபோன சுவிட்ச்தான் கிடைப்பதில்லை.

ஒரு சுவிட்ச் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஆல்ட்டேர் 8800-ஐ எடுத்துக்கொள்வோம். 1975 ஜனவரி மாத ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் அட்டையில் வந்த இயந்திரம் இது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் என்ற கம்பெனி தயாரித்தது. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் 397 டாலர். அதில் 256 பைட் நினைவகம். கீபோர்டு இல்லை, திரை இல்லை. முன் தகட்டில் 36 விளக்குகள், 25 சுவிட்சுகள். 16 சுவிட்சுகள் நினைவக முகவரியைக் குறிக்க. அவற்றில் வலது பக்கத்து எட்டு, தகவலைப் பதிக்கவும் பயன்படும். மற்றவை மின்சாரம் தர, ஓட்ட, நிறுத்த, பார்க்க, பதிக்க.

இதில் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும் என்றால் அதற்கான புரோகிராம் 14 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிச் சரிசெய்து, ‘டெபாசிட்’ சுவிட்சை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஆக 112 பிட்டுகள், 14 தட்டல்கள். கூட்ட வேண்டிய எண்கள் அதற்கப்புறம்தான். இந்த எட்டில் ஒன்று மக்கர் செய்தால் என்ன ஆகும்? 8080 சிப்பின் மொழியில் ‘கூட்டு’ என்ற உத்தரவு 10000000. வலமிருந்து ஐந்தாவது சுவிட்ச் ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால் அது 10010000 ஆகும். அது ‘கழி’ என்ற உத்தரவு. இயந்திரம் முரண்டு பிடிக்காது, புகை விடாது. சொன்னதைச் செய்ததாக நினைத்துக்கொண்டு தப்பான விடையைத் தரும்.

அன்றைய பெரிய காரியங்களும் இந்தச் சுவிட்சுகள் வழியாகத்தான் தொடங்கின. 1975-ல் பால் ஆலன், தானும் பில் கேட்ஸும் எழுதிய பேசிக் மொழியைக் காட்ட ஆல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். காகித நாடாவிலிருந்து அதை ஆல்ட்டேருக்குள் ஏற்றுவதற்கு ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும் என்பது நடுவானில்தான் உறைத்தது. விமானத்திலேயே அதை எழுதி முடித்தார். மிட்ஸ் அலுவலகத்தில் அதைச் சுவிட்சுகளால் ஒவ்வொரு பைட்டாகப் பதித்த பிறகுதான் நாடா ஓடியது. மைக்ரோசாஃப்ட் என்ற கம்பெனி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இதற்குப் பத்து ஆண்டு முந்தியது டி.இ.சி. கம்பெனியின் பி.டி.பி. 8. 1965-ல் 18,000 டாலர். அன்றைக்கு அது மலிவு. அதன் சொல் நீளம் 12 பிட், ஆகவே தகவல் பதிக்க 12 சுவிட்சுகள். காகித நாடாவைப் படிக்கும் ஆரம்பப் புரோகிராமைக் கையால் பதிக்க வேண்டும். அந்தப் புரோகிராம் சுமார் 16 சொற்கள்தான். நினைவகம் காந்த வளையங்களால் ஆனது என்பதால் மின்சாரம் போனாலும் பதித்தது மறையாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஏதாவது அதன்மேல் எழுதிவிட்டால்தான் மறுபடி சுவிட்சுக்கு வர வேண்டும். தினமும் இதைச் செய்தவர்களுக்கு எண்கள் மனப்பாடம். விரல்கள் தாமாகவே போகும்.

இப்போது கேள்விக்கு வருவோம். மூளை கிடைக்கிறது, சுவிட்ச் ஏன் கிடைப்பதில்லை?

சிப் எல்லோருக்கும் பொது. 7400 வரிசை சிப்புகளை எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ இயந்திரங்களுக்காக, ஒரே அளவில் செய்தன. 8080 சிப்பையும் பல கம்பெனிகள் செய்தன. ஆகவே மிச்சம் மீதி எங்கோ இருக்கிறது. முன் தகட்டுச் சுவிட்ச் அப்படியல்ல. அதன் உள்ளுறுப்பு பொதுவாக இருக்கலாம். விரல் படும் கைப்பிடியோ பெரும்பாலும் ஒரு கம்பெனிக்கென்றே, சில சமயம் ஒரே ஒரு மாடலுக்கென்றே வார்க்கப்பட்டது. 1975-ன் பி.டி.பி. 11/70-ல் 22 தகவல் சுவிட்சுகளும் மூன்று மூன்றாக நிறம் மாறி வரும். எட்டின் அடிமான எண்ணை ஒரு பார்வையில் படிப்பதற்காக அந்த ஏற்பாடு. இம்சாய் 8080-ன் சுவிட்சுகள் சிவப்பும் நீலமுமாக அகலமான துடுப்புகள் போல இருக்கும். 1983-ல் வந்த ‘வார் கேம்ஸ்’ படத்தில் கதாநாயகனின் அறையில் இருப்பது இந்த இயந்திரம்தான்.

ஆர்டர் கொடுக்கவும் ஆள் இல்லை. மிட்ஸ் 1977-ல் இன்னொரு கம்பெனியிடம் விற்கப்பட்டது. இம்சாய் 1979-ல் திவாலானது. டி.இ.சி.யை 1998-ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002-ல் எச்.பி. விழுங்கியது. அச்சுகளைத் தேடி யாரிடம் போவது?

அதனால் தேடலின் முதல் விதி, தேடாமல் இருக்க முடியுமா என்று பார்ப்பது. வேலை செய்யாத சுவிட்செல்லாம் செத்த சுவிட்ச் அல்ல. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். முள் ஆடினாலோ எண் நிலைக்காமல் தாவினாலோ உள்ளே அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, ஐம்பது அறுபது தடவை மேலும் கீழும் தள்ளினால் பாதி நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நாள் வழுக்கும். பிறகு தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

கைப்பிடி உடைந்தது வேறு வகை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு என்பதால், லாரியிலும் கோடவுனிலும் முதல் அடி அதற்குத்தான். ஐம்பது வருஷத்து பிளாஸ்டிக் முறுகிப்போய், சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். இங்கே கிளீனர் உதவாது. மாற்றுத்தான் வேண்டும்.

மாற்றுச் சுவிட்ச் தேடுகிறவர் கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் ஆறு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை பின். தள்ளிய இடத்தில் நிற்குமா, கையை எடுத்தால் ஸ்பிரிங் மாதிரித் திரும்புமா. நடுவில் ‘ஆஃப்’ உண்டா. தகட்டுத் துளையில் நுழையும் கழுத்தின் விட்டம். பின்னுக்குப் பின் இடைவெளி. கைப்பிடியின் நீளமும் வடிவமும்.

ஆல்ட்டேரிலேயே இரண்டு ரகம் உண்டு. முகவரிச் சுவிட்சுகள் தள்ளிய இடத்தில் நிற்பவை. ‘எக்ஸாமின்’, ‘டெபாசிட்’ போன்றவை நடுவில் நின்று, மேலேயோ கீழேயோ தட்டினால் வேலையைச் செய்துவிட்டு நடுவுக்கே திரும்புபவை. கடையில் ‘ஆன்-ஆன்’ என்று கேட்டால் முதல் ரகம் கிடைக்கும். இரண்டாவதற்கு ‘சென்டர் ஆஃப், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் ரிட்டர்ன்’ என்று சொல்ல வேண்டும். பாதிக் கடைகளில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அளவிலும் கண்ணி உண்டு. அமெரிக்க மினியேச்சர் டாகிள் சுவிட்சின் கழுத்து கால் இன்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். இங்கே சுலபமாகக் கிடைக்கும் எம்.டி.எஸ். 102 ரகத்தின் கழுத்து 6 மில்லிமீட்டர். துளையில் நுழையும், ஆனால் லொடலொடக்கும். பின்களுக்கு இடையே அமெரிக்க அளவு 4.7 மில்லிமீட்டர். இதில் கொஞ்சம் தப்பினாலும் சுவிட்ச் சர்க்யூட் போர்டில் உட்காராது. பின்னை வளைத்துத் திணித்தால் ஐம்பது வருஷத்துச் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். சுவிட்சுக்காகப் போர்டைக் கெடுத்த கதையாகிவிடும்.

எல்லாம் பொருந்திய பிறகும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சுவிட்சை நீட்டி, “இது 250 வோல்ட் தாங்கும் சார்” என்பார். நமக்கும் திருப்தியாக இருக்கும். அந்தப் பெரிய எண்தான் இங்கே குறை. அதிக மின்சாரத்துக்கான சுவிட்சில் தொடுமுனைகள் வெள்ளி. வெள்ளிக் குத்துவிளக்கு அலமாரியிலேயே இருந்து கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றிலுள்ள கந்தகம் செய்கிற வேலை அது. தொடுமுனையிலும் அதே கறுப்பு படியும். 230 வோல்ட் ஓடும்போது சின்னத் தீப்பொறி ஒன்று அந்தப் படலத்தை எரித்துவிடும். கம்ப்யூட்டரின் முன் தகட்டில் ஓடுவதோ 5 வோல்ட், அதுவும் மில்லி ஆம்பியர் கணக்கில். படலத்தை உடைக்க அதற்குச் சக்தி போதாது. புதுச் சுவிட்ச் ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு நினைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது.

இந்த வேலைக்குத் தங்கமுலாம் பூசிய தொடுமுனை வேண்டும். அமெரிக்காவின் சி அண்ட் கே கம்பெனியின் 7000 வரிசை டாகிள் சுவிட்சுகள் இதற்குப் பேர்போனவை. அந்தக் கம்பெனியை 2022-ல் லிட்டில்ஃபியூஸ் வாங்கிவிட்டது. சுவிட்ச் தொடர்ந்து தயாராகிறது. அதில் 7101 என்பது மூன்று பின் ‘ஆன்-ஆன்’. அதே சுவிட்ச் வெள்ளி முனையோடும் வரும், தங்க முனையோடும் வரும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெள்ளியானால் 120 வோல்ட்டில் 5 ஆம்பியர் தாங்கும். தங்கமானால் 20 வோல்ட்டுக்குள், 0.4 வோல்ட்-ஆம்பியர் மட்டும். கடையில் ‘மட்டமாக’த் தெரியும் இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. மாடல் எண்ணின் கடைசியில் வரும் எழுத்துகளைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மூன்று பின் இருக்கும் இடத்தில் இரண்டு பின் சுவிட்சைப் போட்டு ஒப்பேற்றலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். எல்லா இடத்திலும் கூடாது. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் உள்ளே இருக்கும் உலோக நாக்கு சில மில்லி செகண்ட் துள்ளித்தான் அடங்கும். நமக்கு அது ஒரு தட்டல். செகண்டுக்கு 20 லட்சம் துடிப்புகளில் ஓடும் ஆல்ட்டேருக்கு அது பத்துப் பதினைந்து தட்டல்களாகத் தெரியக்கூடும். பல பழைய இயந்திரங்களில் இந்தத் துள்ளலை விழுங்குவதற்கான சர்க்யூட், சுவிட்சின் இரண்டு பக்கத் தொடுமுனைகளையும் நம்பி அமைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால், ‘அடுத்தது’ என்று ஒரு தட்டு தட்டினால் ஏழு வீடு தள்ளிப்போய் நிற்கும்.

சரி, எங்கே தேடுவது? மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், சென்னையில் ரிச்சி தெரு. சாதாரண டாகிள் சுவிட்ச் எல்லா இடத்திலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். நமக்கு வேண்டியது முன் வரிசைக் கண்ணாடி அலமாரியில் இருக்காது. அப்பா காலத்துச் சரக்கு இன்னும் பரண்மேல் இருக்கும் கடையில் இருக்கலாம். உடைந்த சுவிட்சைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. வாயால் விவரிப்பதைவிட மேஜைமேல் வைத்துக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும். விற்காமல் தங்கிய பழைய சரக்கை வாங்கும்போது பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காது. சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

கடையில் எந்த விலைக்கும் கிடைக்காதது கைப்பிடிதான். அதற்கு மூன்று வழிகள். ஒன்று, இனித் தேறாது என்றாகிவிட்ட இன்னொரு இயந்திரத்திலிருந்து கழற்றுவது. இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. இன்று தேறாது என்று நாம் முடிவு கட்டியதை நாளை வேறொருவர் தேற்றியிருக்கக் கூடும். இரண்டாவது வழி வார்ப்பு. முழுசாக இருக்கும் ஒரு கைப்பிடியைச் சிலிக்கான் ரப்பரில் அமுக்கி அச்செடுத்து, நிறம் கலந்த ரெசினை ஊற்றுவது. மூன்றாவது த்ரீ-டி பிரிண்டர். சுலபமாகத் தெரியும். ஆனால் அது அடுக்கடுக்காகப் படிய வைத்துச் செய்யும் பொருள். அடுக்குகளுக்குக் குறுக்கே விசை விழுந்தால் இழுபட்டுப் பிளக்கும். எந்தத் திசையில் படுக்க வைத்து அச்சிடுகிறோம் என்பதில்தான் கைப்பிடியின் ஆயுள் இருக்கிறது.

பின் இரண்டு வழிகளுக்கும் ஒரே நிபந்தனை. அளவெடுக்க, அச்செடுக்க, உடையாத கைப்பிடி ஒன்றாவது வேண்டும். பத்து சுவிட்சுகளில் ஒன்பது உடைந்திருந்தால் பத்தையும் செய்துவிடலாம். பத்தும் உடைந்திருந்தால் ஊகம்தான். ஆகவே மிஞ்சியிருக்கும் ஒன்று, ஓடும் இயந்திரத்தில் இருப்பதைவிட டப்பாவில் பத்திரமாக இருப்பது மேல். உடைந்த துண்டுகளையும் எறியக் கூடாது. எந்த இடத்துச் சுவிட்ச், என்று மாற்றியது, எதைப் போட்டது என்று எழுதி ஒரு கவரில் போட்டு இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்து திறக்கிறவருக்கு எது அசல், எது ஒட்டு என்று தெரிய வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு என்ன என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உதிரிபாகம் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டிய அனுபவம் நம் நாட்டுக்கு நிறைய உண்டு. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்குகளைக் குறைத்துக்கொள்ள மறுத்து, ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யின் தலையில் விழுந்தது. நம் இன்ஜினீயர்கள் அவற்றை ஓட்டிக் காட்டினார்கள்.

நாமே செய்த இயந்திரங்களும் இருந்தன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் டிஃப்ராக் 1960-ல் ஓடத் தொடங்கியது. டிராம்பேயில் வடிவமைக்கப்பட்டு ஹைதராபாத் இ.சி.ஐ.எல். செய்த 12 பிட் டி.டி.சி. 12 1969-ல் வந்தது, பின்னால் டி.டி.சி. 312, 316 வந்தன. அமெரிக்காவில் பி.டி.பி. 8 இருக்கும் இடங்களைப் பட்டியல் போட்டு, உடைந்த கைப்பிடிக்கு அளவு பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற இயந்திரம் அது. நம் டி.டி.சி.க்களின் எண்ணிக்கை அதோடு ஒப்பிட மிகச் சிறியது. எண்ணிக்கை சிறியதென்றால் ஒவ்வொரு சுவிட்சும் அரிது என்று அர்த்தம்.

நம் ஊரில் இவை அழியும் விதமும் தெரிந்ததுதான். ஸ்டோர் ரூமில் இடம் வேண்டியிருக்கும். ஆடிட்டில் கேள்வி வந்திருக்கும். கண்டம் செய்து ஏலம் விட்டுவிடுவார்கள். ஏலம் எடுப்பவருக்கு இரும்பும் செம்பும் எடைக்கு எடை கணக்கு. முன் தகட்டின் பிளாஸ்டிக்குக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை; அதைத்தான் முதலில் பெயர்த்து எறிவார்கள். நாளை யாரோ ஒருவர் அந்த மாடலை மீட்க முயலும்போது உலகமெல்லாம் தேடியும் கிடைக்காமல் போவது அந்தத் துண்டுதான்.

இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் பொறியியல் கல்லூரி லேப் பொறுப்பாளர்கள் இருக்கலாம், ஆராய்ச்சி நிலைய ஸ்டோர் கீப்பர்கள் இருக்கலாம், இ.சி.ஐ.எல்.லிலோ சி.எம்.சி.யிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கலாம். சுவிட்சுகளும் விளக்குகளும் பதித்த தகடு ஏதாவது மூலையில் கிடந்தால், முழு இயந்திரம் போய்விட்டிருந்தாலும், அதை எடைக்குப் போடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, மாடல் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். மேஜை டிராயரில் பழைய சுவிட்ச் நாலு கிடந்தால், பேரன் விளையாடக் கொடுக்குமுன் அவை எந்த இயந்திரத்துடையவை என்று குறித்து வையுங்கள். அந்த இயந்திரத்தை ஓட்டிய விரல்கள் இருக்கும்போதே, எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். உள்ளே இருக்கும் சிப்பை யாராவது எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுவார்கள். இந்த இரண்டும் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.